நம்பரைச் சொல்லுங்கோ

மாமி கடைக்குள் வந்தபோது நான் ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். கையெல்லாம் மை. "தம்பி, உதை வைச்சிட்டு இதை ஒருக்காப் பார்" என்று தன்னுடைய போனை மேசையில் வைத்தார். மூலை வெடித்த திரை. பின்மூடி கழன்றுவிடாமல் ஒரு றப்பர் வளையம் போட்டிருந்தார்.

மாமி அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். மல்லாவியில் எங்கள் கடையில் இருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. கச்சான் காலத்தில் கச்சான் உடைத்துக் கொடுக்கிற வேலை, மற்ற நாட்களில் வீட்டுத்தோட்டம், நாலு கோழி. ஒரே மகன் பிரான்சில்.

போனில் நாலு நிமிடத்துக்குள் மூன்று எஸ்எம்எஸ் வந்திருந்தன. முதலாவதில் ஆறு இலக்க எண். இரண்டாவதிலும் ஆறு இலக்கம், வேறு எண். மூன்றாவது, கணக்கில் இருந்து 48,000 ரூபா போய்விட்டது என்ற செய்தி. மூன்றும் ஆங்கிலத்தில். முதல் இரண்டிலும் எண்ணுக்குக் கீழே, இதை எவரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஒரு வரி இருந்தது. அதுவும் ஆங்கிலத்தில்தான். மாமி ஐந்தாம் வகுப்புவரை தமிழில் படித்தவர். எந்த மொழியில் செய்தி வந்தாலும் எண்ணை மட்டும் பிழையில்லாமல் வாசிப்பார்.

"ஆர் மாமி எடுத்தது?"

"ஒரு பெடியன். நல்ல மரியாதையாக் கதைச்சவன். அம்மா, வெளியில இருந்து உங்களுக்குக் காசு ஒண்டு வந்திருக்கு, அடையாள அட்டை நம்பரைச் சொல்லுங்கோ எண்டான். சொன்னன். கணக்கு நம்பர் கேட்டான். சொன்னன். இப்ப போனுக்கு ஒரு நம்பர் வரும், அதையும் சொல்லுங்கோ, காசை விடுறன் எண்டான்."

"சொன்னீங்களோ?"

"சொல்லாட்டி எப்பிடித் தம்பி காசு தருவான்?"

இந்தக் கடைசிக் கேள்வி இரண்டு நாள் என்னை விடவில்லை.

மாமியின் அண்ணன் மகன் வந்து கத்திவிட்டுப் போனான். முறைப்பாடு எழுதின இடத்தில் "விளக்கமில்லாமல் சொல்லிப்போட்டியள்" என்றார்கள். வங்கியில், எண்ணைச் சொன்னது நீங்கள்தானே என்று கதையை முடித்துவிட்டார்கள். எனக்கும் முதலில் அதே எண்ணம்தான் வந்தது, மறைப்பானேன். கணினி திருத்துகிறவன், பிள்ளைகளுக்கு ரியூசன் எடுக்கிறவன், பாஸ்வேர்டைப் பற்றி ஊருக்குப் புத்தி சொல்கிறவன் அல்லவா. பிறகு யோசித்துப் பார்த்தால், மாமிக்கு இருபது வருடமாகக் காசு வந்த முறையே அதுதான்.

2002இல், போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை திறந்த பிறகு மாமி மாதம் ஒருமுறை வவுனியாவுக்கு பஸ் ஏறுவார். அங்கே ஒரு கொமினிகேசன் கடை. பலகை அடித்த சின்ன அறைக்குள் மகன் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். அறைக்குக் கதவு இருந்தது, ஆனால் உள்ளே கதைப்பதெல்லாம் வெளியே வாங்கில் இருப்பவர்களுக்குக் கேட்கும். சுகம் விசாரித்து முடிந்ததும் மகன் ஒரு எண்ணைச் சொல்லுவான். மாமி அதை ஏதாவது மட்டையில் எழுதிக்கொள்வார். அந்த எண்ணை உண்டியல்காரரிடம், அதாவது வங்கி இல்லாமல் வெளிநாட்டுக் காசைக் கைமாற்றிக் கொடுப்பவரிடம், சொன்னால் காசு. சில முறை அது ஒரு பத்து ரூபா நோட்டின் தொடரிலக்கம், சில முறை சும்மா நாலு இலக்கம். உண்டியல்காரர் வீட்டுக்கே வருவதும் உண்டு. படலையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "அம்மா, நம்பரைச் சொல்லுங்கோ" என்பார். சொன்னதும் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். ரசீது இல்லை, கையெழுத்து இல்லை. ஒரு சதம் குறைந்ததில்லை என்று மாமி இன்றைக்கும் சொல்லுவார். பிற்பாடு வங்கி வழியாக வரத் தொடங்கியபோதும் ஒரு பத்து இலக்க எண். அதையும் கவுண்டரில் வாயால் சொல்ல வேண்டும்.

ஆக, எண்ணைக் கேட்கிறவன் காசு தருகிறவன். மாமி அனுபவத்தில் கண்டது அது. ஓடிபி, அதாவது போனுக்கு வருகிற அந்த ஒருமுறை எண், வந்து அந்தச் சடங்கைத் தலைகீழாகத் திருப்பிவிட்டது. இப்போது எண்ணைக் கேட்கிறவன் காசை எடுக்கிறவன். முறை மாறிவிட்டது என்று மாமிக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அடையாள அட்டை இலக்கத்தைச் சொன்னதற்கும் மாமிக்குப் பேச்சு விழுந்தது. வன்னியில் அது எப்போது இரகசியமாக இருந்தது? சோதனைச் சாவடியில் சொன்னோம், நிவாரணத்துக்குச் சொன்னோம், முகாமில் பதிவதற்குச் சொன்னோம், கிராம அலுவலரான விதானையாரிடம் சொன்னோம். தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்லுவோம். போதாததற்கு அந்த எண்ணே வாய் நிறையக் கதைக்கிறது. பழைய அட்டையின் ஒன்பது இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். 2016இல் வந்த பன்னிரண்டு இலக்க எண்ணில் ஆண்டை முழுதாக எழுதுகிறார்கள், மற்றப்படி அதே கணக்குத்தான். இப்படி எல்லாவற்றையும் நெற்றியில் எழுதி ஒட்டிய எண்ணைக் கேட்டு, "ஆளை உறுதிப்படுத்துகிறோம்" என்று சொல்லும் வழக்கம் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இதை யோசித்துக்கொண்டு இருந்தபோது அம்மா ஒரு பழைய கதையை எடுத்தார். நான் கேட்டு வளர்ந்த கதைதான், ஆனால் இந்த முறைதான் வேறு மாதிரி விளங்கியது.

1996இல் நாங்கள் பரந்தனில் இருந்து இடம்பெயர்ந்து இந்தப் பக்கம் வந்தோம். பெரியமாமா அப்போது தெற்கில் தடுப்பில் இருந்தார். அவருக்கும் எங்களுக்கும் இடையில் இருந்த ஒரே வழி செஞ்சிலுவைக் கடிதம். அந்தக் கடிதம் உறையில் ஒட்டிப் போவதில்லை. திறந்த கடிதம், குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம், வழியில் யாரும் வாசிக்கலாம். அம்மாவுக்கோ சொல்ல ஒரு விசயம் இருந்தது: சின்னமாமா மன்னாரில் படகேறி இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்துவிட்டார். அதை எப்படி எழுதுவது? முன்கூட்டியே ஒரு குறிச்சொல் பேசிவைக்க நேரம் எங்கே இருந்தது. மாமாவைக் கொண்டுபோனது ஒரு விடியற்காலை.

அம்மா எழுதினார்: "சின்னவன் கொய்யா மதில் பாய்ந்துவிட்டான். முழங்காலில்கூட உரசல் இல்லை."

பக்கத்து வளவுக் கொய்யா மரத்துக்கு மூன்று பேரும் சின்ன வயதில் மதில் பாய்ந்தது அவர்களுக்கு மட்டுமே தெரியும். வாசித்தவர்கள் யாரோ குழப்படிப் பொடியன் என்று நினைத்திருப்பார்கள். சின்னமாமாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. இரண்டு மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது: "பாய்ந்தவனை உடனே திரும்பிப் பாயவேண்டாம் என்று சொல்லு. நிழலில் இருந்து ஆறுதலாகத் தின்னட்டும்."

கணினிப் பாதுகாப்பில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, முன்பகிர்ந்த திறவுகோல். இரண்டு பேருக்கும் முன்பே தெரிந்த ஒரு இரகசியம் இருந்தால், திறந்த கடிதத்திலும் மூடிய செய்தி அனுப்பலாம். உலகத்தில் அத்தனை இராணுவங்களும் தூதரகங்களும் காலங்காலமாகச் செய்துவந்தது இதைத்தான். குறியீட்டுப் புத்தகத்தை ஒரு ஆள் கையில் கொண்டுபோய்க் கொடுப்பார், பிறகு கம்பியில் பேசுவார்கள். ஆனால் கொய்யா மரம் இல்லாத இரண்டு பேர், ஒருவரை ஒருவர் கண்டிராதவர்கள், எல்லோரும் கேட்கும் கம்பியில் எப்படி இரகசியம் பேசுவது? மாமியும் வங்கியின் கணினியும் போல.

அந்தக் கேள்விக்கு வருமுன் கம்பியைப் பற்றிக் கொஞ்சம். எங்களுக்குப் பாதை என்றால் ஏ9 ஒன்றுதான். 'பாதை பூட்டு' என்றால் உலகமே பூட்டு. 2006 ஆகஸ்டில் மூடியபோது அதற்கு மாற்று என்று ஒன்றும் இருக்கவில்லை. பழைய தொலைபேசி வலையும் அப்படித்தான், நடு நிலையம் போனால் எல்லாம் போச்சு. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராண்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த போல் பாரன், நடுவே இல்லாத ஒரு வலையை வரைந்தார். ஒவ்வொரு முடிச்சும் அக்கம்பக்கத்து மூன்று நாலு முடிச்சோடு இணைந்திருக்கும். செய்தியை 1024 பிட் துண்டுகளாக வெட்டி விட்டால், துண்டுகள் திறந்திருக்கும் பாதையைத் தாங்களே தேடிப் போகும். அமெரிக்கத் தொலைபேசிக் கம்பனி அதை எடுக்கவில்லை. இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் தன்பாட்டில் அதே யோசனைக்கு வந்து, துண்டுக்குப் 'பாக்கெட்' என்று பெயரும் வைத்தார். 1969இல், இன்றைய இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட் அந்த முறையில் ஓடத் தொடங்கியது. அணுகுண்டுக்குத் தப்பத்தான் ஆர்பாநெட் கட்டப்பட்டது என்று ரியூசன் நோட்டுகளில் இன்னும் எழுதுகிறார்கள். பாரனின் கவலைதான் அது. ஆர்பாநெட் கட்டியவர்களுக்கு வேண்டியிருந்தது, விலை கூடிய கணினிகளைப் பல ஆராய்ச்சி நிலையங்கள் பங்குபோட்டுக்கொள்வது.

அதில் பூட்டு ஒன்றும் இருக்கவில்லை. எல்லோரும் எல்லோரையும் தெரிந்த ஒரு சின்ன ஊர் போல. படலை திறந்தே கிடந்தது. 1988 நவம்பர் 2ஆம் திகதி ரொபர்ட் மொரிஸ் என்ற மாணவர் விட்ட, தானே பரவுகிற 'புழு' நிரல் ஓரிரு நாளில் ஆயிரக்கணக்கான கணினிகளைப் படுக்க வைத்தபோதுதான் ஊர் முழித்தது. அவருடைய அப்பா அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு நிலையத்தில் தலைமை விஞ்ஞானி. எங்கள் ஊரில் என்றால் அந்த அப்பா ஒரு மாதம் சந்திக்கு வந்திருக்க மாட்டார்.

சரி, கொய்யா மரம் இல்லாதவர்களுக்கு வருவோம். 1976 நவம்பரில் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் உள்ளதை நான் ஒவ்வொரு வருடமும் ரியூசன் பிள்ளைகளுக்கு விளையாட்டாகக் காட்டுவேன். ஒரு பிள்ளையை முன் வாங்கிலும் ஒரு பெடியனைக் கடைசி வாங்கிலும் இருத்துவேன். நடுவில் முழு வகுப்பு. கரும்பலகையில் எல்லோரும் காண இரண்டு எண்களை எழுதுவேன்: 3, 17. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு எண்ணை மனதில் நினைத்துக் கொப்பியில் மறைத்து எழுத வேண்டும். போன வருடம் அந்தப் பிள்ளை நினைத்தது 6, பெடியன் நினைத்தது 7.

பிள்ளை மூன்றை ஆறு தடவை போட்டுப் பெருக்கினாள், 729. பதினேழால் வகுத்தால் மீதி 15. "பதினைஞ்சு!" என்று கத்தினாள். பெடியன் மூன்றை ஏழு தடவை பெருக்கினான், 2187. மீதி 11. "பதினொண்டு!" வகுப்பு முழுக்கக் கேட்டது. இனிப் பிள்ளை, தான் கேட்ட 11ஐத் தன்னுடைய ஆறு தடவை பெருக்கி 17ஆல் வகுத்தாள். பெடியன், தான் கேட்ட 15ஐத் தன்னுடைய ஏழு தடவை பெருக்கினான். அது 17 கோடியைத் தாண்டுகிற எண், போனில் கணக்குப் பார்த்தான். இரண்டு பேரையும் கொப்பியைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். இரண்டிலும் 8.

வகுப்பு கொஞ்சநேரம் பேசவில்லை. 3, 17, 15, 11 எல்லாம் எல்லோருக்கும் தெரியும், 8 மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. யாரும் வாயால் சொல்லாத எண் இரண்டு கொப்பியில் ஒன்றாக வந்து நின்றது.

உடனே ஒரு கெட்டிக்காரன், "சேர், ஒண்டில இருந்து பதினாறு வரை போட்டுப் பாத்தாப் பிடிக்கலாம்தானே" என்றான். பிடிக்கலாம். பதினேழு சின்ன எண், அதனால்தான். உண்மையில் பாவிக்கிற முதன்மை எண்ணுக்கு 600க்கு மேற்பட்ட இலக்கங்கள். அடுக்கு ஏற்றுவது கணினிக்குக் கண் இமைக்கும் வேலை, மீதியில் இருந்து திரும்பி வந்து அடுக்கைக் கண்டுபிடிப்பதற்கு இன்றுவரை சுருக்கமான வழி கிடைக்கவில்லை. குவாண்டம் கணினி பெரிதாக வந்தால் கிடைக்கும் என்று 1994இல் பீட்டர் ஷோர் காட்டிவிட்டார். அதற்காக 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தரநிலை நிறுவனம் நிஸ்ட் புதுப் பூட்டுகளை அறிவித்தும் விட்டது. அது வேறு கதை.

இந்த விளையாட்டுக்கு ஒரு இரண்டாம் பாகம் உண்டு. எனக்குப் பிடித்தது அதுதான். நடு வாங்கில் இருக்கிற குழப்படி ஒருவனைக் கூப்பிட்டு, இப்போது இவன்தான் தபால்காரன் என்பேன். கத்தக்கூடாது, துண்டில் எழுதி இவனிடம் கொடுக்க வேண்டும். அவனுக்கு மட்டும் காதில் ஒரு வேலை சொல்லிவிடுவேன். அவன் தனக்கு 4 என்று ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, மூன்றை நாலு தடவை பெருக்கி மீதி 13 என்று எடுத்து, பிள்ளையின் 15ஐயும் பெடியனின் 11ஐயும் தன் பையில் போட்டுவிட்டு, இரண்டு பேருக்கும் 13 என்று துண்டு கொடுப்பான். இப்போது பிள்ளையின் கொப்பியில் 16, பெடியனின் கொப்பியில் 4. தபால்காரனிடம் இரண்டும் இருக்கிறது. இரண்டு பேரும் மற்றவரோடு இரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவனோடு பேசிக்கொண்டு இருப்பார்கள்.

கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பூட்டு நல்ல பூட்டு. மறுபக்கம் யார் என்பதை மட்டும் அந்தக் கணக்கு சொல்லவில்லை. மாமிக்கு நடந்ததும் இதுதான். வங்கியின் பூட்டை ஒருவரும் உடைக்கவில்லை. நடுவில் ஒரு தபால்காரன் வந்து நின்றான், மரியாதையாகக் கதைத்தான்.

இந்தக் கண்டுபிடிப்பைச் சுற்றி ஒரு சோகக் கதை இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. பிரிட்டனின் உளவு நிலையமான ஜிசிஎச்கியூவில் ஜேம்ஸ் எல்லிஸ் என்று ஒருவர், டிஃபிக்கும் ஹெல்மனுக்கும் பல வருடம் முந்தி, 1970இலேயே இப்படி ஒன்று சாத்தியம் என்று எழுதி வைத்துவிட்டார். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஒரு தொலைபேசி ஆராய்ச்சி அறிக்கையில் இருந்து அவருக்குப் பொறி தட்டியது: கேட்கிறவர் தன் பக்கத்தில் இருந்து கம்பியில் இரைச்சலைக் கலந்து விடுகிறார், நடுவில் ஒட்டுக் கேட்பவனுக்கு இரைச்சல் மட்டும், கலந்தவருக்கோ தன் இரைச்சலைக் கழித்துவிட்டுப் பேச்சைக் கேட்க முடியும். 1973இல் கிளிஃபர்ட் கொக்ஸும் 1974இல் மல்கம் வில்லியம்சனும் அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். எல்லாம் அலுமாரிக்குள் போனது. 1997 டிசம்பரில்தான் வெளியே சொன்னார்கள். எல்லிஸ் அதற்கு முந்தின மாதம் இறந்துபோனார்.

வெளியே பேர் எடுத்தவர்களுக்குக் காப்புரிமையும் கிடைத்தது. ஹெல்மன், டிஃபி, ரால்ஃப் மெர்க்கல் மூவர் பெயரில் 1980இல் ஒன்று. சோடித் திறவுகோலில் ஒன்றை ஊருக்குக் கொடுத்து மற்றதைத் தானே வைத்துக்கொள்கிற, ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் கண்ட ஆர்எஸ்ஏ முறைக்கு 1983இல் ஒன்று. அதை 2000 செப்டெம்பர்வரை அமெரிக்காவுக்குள் காசு கட்டித்தான் பாவிக்க வேண்டியிருந்தது. முதலில் எல்லோருக்கும் வெளியிட்டுவிட்டுப் பிறகு விண்ணப்பித்ததால் மற்ற நாடுகளில் காப்புரிமை எடுக்க முடியவில்லை. நல்லதாகப் போயிற்று என்பது என் கட்சி.

தபால்காரனை எப்படிப் பிடிப்பது? 1978இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் லோரன் கோன்ஃபெல்டர் என்ற மாணவர் தன் இளமாணிப் பட்டத்துக்கு எழுதிய ஆய்வில், திறவுகோலோடு பெயரையும் சேர்த்து மூன்றாமவர் ஒருவர் ஒப்பமிட்ட 'சான்றிதழ்' என்ற யோசனையைச் சொன்னார். விதானையார் கடிதம் மாதிரி. இன்றைக்கு இணையத்தளங்களோடு பேச்சை மூடி அனுப்புகிற எச்டிடிபிஎஸ் நிற்பது அதன்மேல்தான். விதானையாரின் சீல் களவு போனால்? 2011இல் நெதர்லாந்தில் டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் கூகுளின் பெயரில் பொய்ச் சான்றிதழ் எடுத்தார்கள். ஈரானில் இருந்தவர்களின் மின்னஞ்சலை அதை வைத்து இடைமறித்தார்கள். அந்த நிறுவனம் அதே வருடம் செப்டெம்பரில் வங்குரோத்து.

"தள முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம்" என்று நானும் ஒரு காலம் கடையில் வருகிறவர்களுக்கு எல்லாம் சொல்லிக்கொண்டு இருந்தேன். இப்போது சான்றிதழ் இலவசம், கள்ளனும் எடுக்கிறான். பூட்டு சொல்வது, உனக்கும் அந்தப் பெயருக்கும் நடுவில் ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான். அந்தப் பெயருக்குரியவன் நல்லவனா என்று அது சொல்லாது. குரோம் உலாவியில் இருந்து அந்தப் பூட்டுப் படத்தை 2023இல் எடுத்தே விட்டார்கள்.

நான் செய்த இன்னொரு வேலையும் அன்று மாமியின் போனில் கண்ணில் பட்டது. தடுத்த தளங்களுக்குச் சுற்றுவழியால் போக விடுகிற ஒரு இலவச விபிஎன். 2018 மார்ச்சில் கண்டிப் பக்கத்துக் கலவரத்தோடு பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் அரசு தடுத்தது. 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்போடு திரும்பவும். 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் தடுத்தார்கள், அது ஒரு நாள்கூட முழுதாக நீடிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கடை வாசலில் கூட்டம். "மகனோட கதைக்க ஏலாமக் கிடக்கு, ஏதாவது செய்து தா." நான் கிடைத்த விபிஎன்னைப் போட்டுப் போட்டுக் கொடுத்தேன். யார் செய்தது, எந்த நாட்டில் இருக்கிறது, ஒன்றும் பார்க்கவில்லை. விபிஎன் ஒரு குழாய். போனில் இருந்து போகிற எல்லாம் அந்தக் குழாய்க்காரன் வீட்டு முற்றத்தால்தான் வெளியே போகும். மாமியின் 48,000 அதனால் போகவில்லை. ஆனாலும் நடுவில் ஒரு தபால்காரனை நானே கூலி இல்லாமல் அமர்த்தி வைத்திருந்திருக்கிறேன். அன்றைக்கே அழித்தேன். மாமி கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை.

இனி ஓடிபி. கணினியில் பாஸ்வேர்ட் 1960களின் தொடக்கத்தில் எம்ஐடியின் சிடிஎஸ்எஸ் என்ற, பலர் ஒரே நேரத்தில் பாவிக்கிற கணினி முறையோடு வந்தது. 1962இலேயே அலன் ஷேர் என்ற மாணவர் எல்லோருடைய பாஸ்வேர்டும் உள்ள கோப்பை அச்சடித்து எடுத்துவிட்டார், தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதவில்லை என்று. பிறந்த கையோடு களவு போன பொருள். ஒருமுறை மட்டும் செல்லுகிற கடவுச்சொல்லை 1981இல் லெஸ்லி லாம்போர்ட் எழுதினார். திருப்ப முடியாத ஒரு கணக்கை ஆயிரம் தடவை அடுக்கடுக்காகச் செய்து, ஆயிரமாவது விடையைக் கணினியிடம் கொடுத்து வைக்க வேண்டும். முதல் நாள் 999ஆவது விடையைக் காட்டினால், கணினி அதை ஒருமுறை கணக்குச் செய்து ஆயிரமாவதோடு ஒத்துப் பார்க்கும். மறுநாள் 998. கம்பியில் ஒட்டுக் கேட்பவன் இன்றைய எண்ணைப் பிடித்தாலும் நாளைக்கு அது செல்லாக்காசு.

கவனித்தீர்களா, ஓடிபி பிறந்தது ஒட்டுக் கேட்கிறவனுக்கு எதிராக. கதவைத் தட்டி, "அம்மா, அந்த எண்ணைத் தாங்கோ" என்று நேரே கேட்கிறவனுக்கு எதிராக அதில் ஒன்றுமே இல்லை. அதை எஸ்எம்எஸ்ஸில் அனுப்புவது இன்னும் மோசம், சிம்மை மாற்றி எடுக்கலாம், தொலைபேசி வலைகளுக்கு இடையிலான பழைய இணைப்பு முறைக்குள் புகுந்தும் எடுக்கலாம். 2017இல் நிஸ்ட் அந்த வழியைக் கட்டுப்பாட்டோடு மட்டும் பாவிக்க வேண்டியது என்று வகைப்படுத்திவிட்டது. எங்கள் பக்கம் இன்னும் எஸ்எம்எஸ்தான்.

இவ்வளவு பெரிய மூளைகள் வேலை செய்த சங்கிலியில் கடைசி வளையத்தைக் கச்சான் உடைக்கிற ஒரு அம்மாவின் வாயில் கொண்டுபோய் மாட்டியிருக்கிறார்கள். அறுந்ததும் அவரைப் பேசுகிறார்கள். எனக்குக் கோபம் அங்கேதான்.

சொல்லவே முடியாத திறவுகோல் ஒன்று இப்போது வந்திருக்கிறது. பாஸ்கீ என்கிறார்கள். அடிப்படை, அந்த 1970களில் வந்த இரட்டைத் திறவுகோல்தான். போன் தனக்குள்ளே ஒரு சோடி செய்து, ஒன்றைத் தளத்துக்குக் கொடுத்துவிட்டு மற்றதைப் பூட்டி வைத்துக்கொள்ளும். உள்ளே போகும்போது தளம் ஒரு புதிர் அனுப்பும், போன் அதில் ஒப்பம் இட்டுத் திருப்பி அனுப்பும். தளத்தின் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் போன் ஒப்பம் இடாது. ஆளுக்கு அதில் வேலை விரல் வைப்பது மட்டும். வாசித்துச் சொல்ல எண் இல்லை, ஏமாற்றி வாங்கவும் எண் இல்லை. இதற்கான வெப்ஓத்தன் தரநிலை 2019 மார்ச்சில் வந்தது, கூகுள் கணக்குகளுக்கு 2023 மேயில். குறை இல்லாமல் இல்லை. எங்கள் வீடுகளில் ஒரு போனை நாலு பேர் பாவிப்பார்கள், போன் கிணற்றுக்குள்ளும் விழும். ஆனாலும் ஆளைக் குற்றம் சொல்லாத முதல் பூட்டு இதுதான் என்று எனக்குப் படுகிறது.

மாமியின் வங்கியில் அது இல்லை. மகனோடு படம் பார்த்துக் கதைக்கிற கூகுள் கணக்குக்காவது போட்டுத் தருகிறேன் என்று மாமியைக் கூப்பிட்டேன். பிரிண்டரைத் தள்ளி வைத்துவிட்டுக் கதிரை போட்டேன். முதலில் போனுக்கு விரல் பதிய வேண்டும்.

வலது பெருவிரல். போன் ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார், ஏற்கவில்லை. சுட்டுவிரலும் இல்லை. விரலைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். கச்சான் கோது நசித்து நசித்து இரண்டு விரல் நுனியும் வழித்த மாதிரி இருந்தன. ஒரு வரி இல்லை. இடது பெருவிரலும் அப்படியே. "இப்ப நான் ஆள் இல்லையோ?" என்று சிரித்தார். நடுவிரல் பாதி பதிந்து நின்றுவிட்டது. இடது கை மோதிரவிரலை வைத்தபோது போன் மெல்ல அதிர்ந்தது. திரும்ப வை, கொஞ்சம் சரித்து வை, ஓரத்தை வை என்று பத்துப் பன்னிரண்டு தரம். கடைசியில் பச்சை வட்டம் முழுதாகியது.

மாமி இரண்டு மூன்று தரம் பூட்டித் திறந்து பார்த்தார். நூறு ரூபாவுக்கு ரீலோட் போடச் சொன்னார். காசை வாங்க மறுத்தேன், மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். பிறகு திரும்பி வந்து வாசலில் நின்றபடி கேட்டார்.

"தம்பி, ஆரும் போன் எடுத்துக் கேட்டா, எந்த விரல் எண்டு சொல்லலாமோ?"

"சொல்லுங்கோ மாமி. அதைச் சொல்லலாம்."